நட்சத்திரமா, மதிப்பெண்ணா, சதவீதமா? படம் பார்க்குமுன் யார் பேச்சைக் கேட்பது

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஓடிடி செயலியைத் திறந்து, பத்தரை வரை போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே பார்த்த படத்தையே மறுபடி போட்டுக்கொண்டு தூங்கிப்போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். படங்களுக்கும் குறைவில்லை, "இதைப் பார், அதை விடு" என்று சொல்கிறவர்களுக்கும் குறைவில்லை. ஒருவர் நட்சத்திரம் போடுகிறார், ஒருவர் நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார், ஓர் இணையதளம் தக்காளிப் படம் போட்டுச் சதவீதம் காட்டுகிறது. இவற்றில் எதை நம்பி இரண்டரை மணி நேரத்தைக் கொடுப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தின் சராசரியைவிட ஒரே ஒரு விமர்சகரின் ரசனை பயன்படும். அவர் எப்போதும் சரியாகச் சொல்கிறவராக இருக்க வேண்டியதில்லை; எங்கே சறுக்குவார் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும். பழைய ஹாலிவுட் படங்களுக்கும் பிறநாட்டுப் படங்களுக்கும் நான் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கட்சி. அவரிடம் கோளாறுகள் உண்டு, நிறையவே உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டுதான் இந்தக் கட்சியில் இருக்கிறேன்.

தக்காளியின் கணக்கு

1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பலரும் தேர்வு மதிப்பெண்போல எடுத்துக்கொள்கிறார்கள். 94 சதவீதம் என்றால் நூற்றுக்கு 94 வாங்கிய படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, வந்த விமர்சனங்களில் எத்தனை சாதகமானவை என்ற விகிதம் மட்டுமே. பத்து விமர்சகர்களும் "பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்று கொட்டாவி விட்டபடி எழுதினால் அந்தப் படத்துக்கு நூறு சதவீதம். ஏழு பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, மூன்று பேர் பாதியில் எழுந்து போனால் எழுபது. எனக்கு வேண்டியது இரண்டாவது படம். தளம் முதலில் நீட்டுவதோ அந்தக் கொட்டாவிப் படத்தை.

அறுபதைத் தொட்டால் சிவப்புத் தக்காளி, ஐம்பத்தொன்பதில் நின்றால் நசுங்கிய பச்சைக் கறை. இந்தக் கணக்கு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு 'சிட்டிசன் கேன்' படத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் போதும். 1941இல் வந்து, உலகின் தலைசிறந்த படங்களின் வரிசையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த படம். நூறு சதவீதத்தோடு நிம்மதியாக இருந்தது. 2021இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் எண்பது ஆண்டுப் பழைய விமர்சனம் ஒன்று தளத்தின் கணக்கில் சேர்க்கப்பட, 99க்கு இறங்கிவிட்டது. அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை.

மெட்டாக்ரிட்டிக் என்ற தளம் இதைவிடக் கொஞ்சம் மேல். விமர்சகர் எந்த அளவுக்குப் பிடித்தது என்று சொன்னார் என்பதையும் கணக்கில் எடுத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று சராசரி போடுகிறது. ஆனால் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்வதில்லை. ஐஎம்டிபியில் ரசிகர்களே வாக்களிக்கிறார்கள். வெளியான வாரத்தில் அதைப் பார்ப்பது ரசிகர் மன்றச் சண்டையை வேடிக்கை பார்ப்பதற்குச் சமம். சில ஆண்டுகள் போனபின் பார்த்தால் ஓரளவு பயன் உண்டு.

சினிமாஸ்கோர் மட்டும் வேறு ரகம். அமெரிக்காவில் படம் வெளியாகும் நாளில் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை போடச் சொல்கிறார்கள். அதில் தெரிவது படத்தின் தரத்தைவிட, விளம்பரத்தைப் பார்த்து வந்தவனுக்கு எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதுதான். 2017இல் வந்த 'மதர்!' எஃப் வாங்கியது. பேய்ப்படம் என்று நம்பிப் போனவர்களுக்குப் பைபிள் உருவகம் பரிமாறினால் வேறென்ன போடுவார்கள்? குடும்பத்தோடு, குழந்தைகளோடு தியேட்டருக்குப் போகிறவர்களுக்கு மற்ற எண்களைவிட இந்த எழுத்து நன்றாகவே வழிகாட்டும்.

விகடன் கஞ்சத்தனம்

தமிழ் வாசகருக்கு மதிப்பெண் என்றவுடன் நினைவுக்கு வருவது ஆனந்த விகடன். விமர்சனத்தைப் படிக்குமுன் கண் நேராகக் கடைசிக்கு, அந்த எண்ணுக்குத்தான் ஓடும். 1977இல் '16 வயதினிலே' வாங்கிய 62.5தான் அதில் உச்சம் என்பதைச் சினிமா ரசிகர்கள் கிரிக்கெட் சாதனைபோல மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 62 வாங்கிய பிள்ளை முன்னேற்ற அறிக்கையை எப்படிக் காட்டுவது என்று தயங்கும். விகடனில் அதே எண் வாங்கிய இயக்குநர் தமிழ் சினிமாவின் போக்கையே திருப்பியவர்.

இந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு நன்மை இருந்தது. எல்லாருக்கும் நான்கு நட்சத்திரம் வாரி வழங்கும் பத்திரிகையில் எண்ணுக்கு மதிப்பே போய்விடும். இங்கே நாற்பதுகளின் நடுப்பகுதியை எட்டினாலே "சரி, டிக்கெட் எடுக்கலாம்" என்று பொருள். அந்த அளவுகோல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாசகர்கள் பழகிப் பழகித் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் மதிப்பெண் போடுவது ஒரு குழு. போன வாரம் கிராமத்துப் படத்துக்கு 43 போட்டவரும், இந்த வாரம் நகைச்சுவைப் படத்துக்கு 41 போட்டவரும் ஒரே ஆளா? தெரியாது. மெலோடிராமா கண்டால் உருகுகிறவரா, எரிச்சல் அடைகிறவரா? அதுவும் தெரியாது. நீதிமன்றத் தீர்ப்புபோல வருகிறது. நீதிபதியின் முகம் தெரிவதில்லை. புதிய தமிழ்ப் படம் ஒன்றுக்கு இந்த வாரம் போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இது போதும். நம் ரசனையை வளர்த்துக்கொள்ளப் போதாது.

எண்ணே வேண்டாம் என்றவர்

அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் 1968 முதல் 1991 வரை நியூயார்க்கர் இதழில் எழுதினார். நட்சத்திரம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு படத்தைப் பொதுவாக ஒரே ஒருமுறைதான் பார்ப்பார். மறுபடி பார்த்து மனத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தைக் கற்பனை வறட்சி என்று அடித்தார். ஈபர்ட் 1968இலேயே அதற்கு முழு நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

கேல் எழுதியதைப் படம் பார்த்தபின் படிக்க வேண்டும். பார்க்குமுன் படித்தால், அவருடைய கோபமோ மயக்கமோ நம்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் திறக்க விடாது. அவருடைய உரைநடைக்கு அவ்வளவு வலு. வெள்ளிக்கிழமை இரவு முடிவெடுக்க அவர் உதவ மாட்டார். சனிக்கிழமை காலையில் காபியோடு சண்டை போட அவரைவிட நல்ல ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிர்முனை இன்னொரு அமெரிக்க விமர்சகர் லெனர்ட் மால்ட்டின். 1969இல் முதல் பதிப்பு வந்து, 2015ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோன அவருடைய திரைப்படக் கையேட்டில் ஆயிரக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். 'இஸ்ன்ட் இட் ரொமான்டிக்?' என்று தலைப்பிலேயே கேள்வி கேட்ட 1948ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர் எழுதிய முழு விமர்சனம், "இல்லை." இணையம் வருமுன் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோதான புத்தகம் அது. ஆனால் 'டாக்ஸி டிரைவர்' படத்துக்கு இரண்டு நட்சத்திரம், 'ப்ளேட் ரன்னர்' படத்துக்கு ஒன்றரை. நான்கு வரியில் அடக்கிவிட்டதால் ஏன் குறைத்தார் என்று அவரோடு வாதாடவும் வழியில்லை.

ஈபர்ட் எங்கே வேறுபடுகிறார்

சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழில் 1967இல், 24 வயதில் சினிமா விமர்சகரானவர் ரோஜர் ஈபர்ட். 2013 ஏப்ரலில் இறக்கும்வரை அதே நாளிதழ்தான். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றார். சினிமா விமர்சனத்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் 'போனி அண்ட் கிளைட்' வந்தது. நியூயார்க் டைம்ஸின் மூத்த விமர்சகர் போஸ்லி கிரௌதர் அதைக் கிழித்துப் போட்டார். இளைஞர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்து, இது அமெரிக்க சினிமாவின் மைல்கல் என்று எழுதினார். (இதே கிரௌதர்தான் 1958இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்துவிட்டு, ஹாலிவுட் படத்தொகுப்பாளர்களிடம் இது முதற்கட்டத் தொகுப்பாகக்கூடத் தேறாது என்ற தோரணையில் எழுதியவர். ஈபர்ட் பிற்பாடு அந்தப் படத்தில் தொடங்கும் அப்பு முப்படங்களைத் தன் 'மகத்தான படங்கள்' வரிசையில் சேர்த்தார்.)

அவர் கட்சியில் நான் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் நட்சத்திரத்துக்கு அவர் சொன்ன விளக்கம். 2004இல் 'ஷாவ்லின் சாக்கர்' விமர்சனத்தில் அதை எழுதினார். 'ஹெல்பாய்' நன்றாக இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டால், 'மிஸ்டிக் ரிவர்' படத்தோடு ஒப்பிட்டுச் சொல் என்று அவர் கேட்கவில்லை. 'பனிஷர்' போன்ற படங்களோடு ஒப்பிட்டால் எப்படி என்றுதான் கேட்கிறார். 'சூப்பர்மேன்' நான்கு என்றால் 'ஹெல்பாய்' மூன்று, 'பனிஷர்' இரண்டு. நட்சத்திரம் அந்தந்த வகைக்குள் மட்டும் பேசுகிறது.

தீபாவளிக்கு வரும் மசாலாப் படத்தையும் விருதுக்குப் போகும் படத்தையும் ஒரே தராசில் வைக்கும் நம்முடைய பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. இந்த விளக்கம் இல்லாமல் அவருடைய பட்டியலைப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். பாம்பு ஆட்களை விழுங்கும் 'அனகோண்டா'வுக்கு மூன்றரை நட்சத்திரம். ஆஸ்கரில் சிறந்த படமாகத் தேர்வான 'கிளாடியேட்டர்' படத்துக்கு இரண்டு. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் பாம்புப் படம் பாம்புப் படமாக ஒழுங்காக வேலை செய்தது. வரலாற்றுப் பிரம்மாண்டம், மங்கிய நிறங்களும் இறுகிய முகங்களுமாகக் களையிழந்து நின்றது. அவர் கணக்கில் குழப்பம் இல்லை.

நட்சத்திர முறைமேல் அவருக்கே பெரிய மதிப்பு இருந்ததில்லை. உருப்படியான மதிப்பீட்டு முறை என்று அவர் பாராட்டியது சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் 'சின்ன மனிதர்' சித்திரத்தை. தியேட்டர் நாற்காலியில் ஒரு குட்டி ஆள். படம் பிரமாதம் என்றால் எழுந்து துள்ளிக் கைதட்டுவார். நன்று என்றால் உட்கார்ந்தபடியே கைதட்டுவார். சுமார் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். மோசம் என்றால் சரிந்து தூங்குவார். படுமோசம் என்றால் நாற்காலி காலி. தமிழ்ப் பத்திரிகை ஏதாவது இதைச் செய்திருக்கலாம். நம் ஊரில் கைப்பேசியைப் பார்க்கும் ஆள் ஒருவரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

சக விமர்சகர் ஜீன் சிஸ்கெல்லோடு ஈபர்ட் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கட்டைவிரல் அடையாளம் உலகப் புகழ் பெற்றது. முடிவெடுக்க அது எளிதுதான், ஆனால் மூன்று நட்சத்திரம் என்றால் விரல் மேலே, இரண்டரை என்றால் கீழே என்று ஆகிவிடும்போது நுணுக்கம் எல்லாம் அடிபட்டுப்போகிறது. அவர்களுடைய சண்டையைக் கேளுங்கள், விரலை விட்டுவிடுங்கள்.

அவருடைய சறுக்கல்களின் வரைபடம்

ஒரு விமர்சகரை நம்புவதற்கு அவர் புகழ்ந்த படங்களைவிட அவர் கவிழ்த்த படங்கள் அதிகம் உதவும். ஈபர்ட் கவிழ்த்த பட்டியல் சின்னதில்லை. 'ப்ளூ வெல்வெட்' ஒரு நட்சத்திரம். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' இரண்டு. 'ஃபைட் கிளப்' இரண்டு. 'த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' ஒன்றரை. 'டை ஹார்ட்' இரண்டு. இன்று இவை ஒவ்வொன்றுக்கும் தனி ரசிகர் கூட்டமே உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பவர் இத்தனை நல்ல படங்களை இழந்திருப்பார்.

விமர்சனத்தின் உள்ளே போனால் காரணங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. 'ப்ளூ வெல்வெட்' படத்தில் இசபெல்லா ரொசெல்லினியை அவ்வளவு அவமானத்துக்கு உட்படுத்திவிட்டு, அடுத்த காட்சியிலேயே இயக்குநர் சிற்றூர் வாழ்க்கையைக் கேலி செய்யப் போய்விட்டார் என்பது அவருடைய கோபம். நடிகை கொடுத்ததற்கு ஈடாகப் படம் எதையும் திருப்பித் தரவில்லை என்று நினைத்தார். அதே டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' படத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நான்கு நட்சத்திரம் கொடுத்தார். பழைய தீர்ப்பிலிருந்து மட்டும் இறங்கவில்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்திலும் 'ஃபைட் கிளப்'பிலும் அவரை உறுத்தியது, வன்முறைக்கு அழகான சட்டை மாட்டிவிட்டார்கள் என்பது. ஆகவே வன்முறையும் ஸ்டைலும் கைகோத்து வரும் படத்துக்கு அவர் நட்சத்திரத்தைக் குறைத்திருந்தால், நான் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். நீங்கள் அவரைப்போல நினைப்பவரானால் கூட்ட வேண்டாம்.

புதிர்க் கதைகளிலும் அவருக்குப் பொறுமை குறைவு. 'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' தனக்குப் புரியவில்லை, புரிந்த அளவிலும் அக்கறை வரவில்லை என்று நேராகவே எழுதிவிட்டார். 'டை ஹார்ட்' கதை இன்னும் வேடிக்கை. கட்டடத்துக்குள் நடப்பவை எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன. கீழே தெருவில் நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் தப்பாகவே பேசும் போலீஸ் துணைத் தலைவர் பாத்திரம்தான் அவருக்குத் தாங்கவில்லை. படத்தைக் கெடுத்தவர் என்று அந்த ஒரே ஆளைச் சுட்டினார். ஒரு பாத்திரத்துக்காக இப்படியா என்று கேட்கலாம். ஆனால் அதைப் படித்தபின் படம் பார்க்கிறவருக்கு அந்த ஆள் வரும்போதெல்லாம் உறுத்தும். அப்படி உறுத்த வைத்ததே விமர்சகரின் வெற்றி.

எதிர்ப்பக்கத்தில் தாராளமும் உண்டு. இளமையிலேயே அறிவியல் புனைகதை ரசிகர் என்பதால் அந்த வகைக்கு அவருடைய கை நீளும். 2009இல் பலர் கேலி செய்த 'நோயிங்' படத்துக்கு நான்கு நட்சத்திரம். அதே இயக்குநர் அலெக்ஸ் புரோயாஸின் 'டார்க் சிட்டி'தான் 1998இன் சிறந்த படம் என்று அறிவித்தார். இந்த இரண்டாவது தேர்வில் நான் அவர் பக்கம். முதலாவதில் ஒன்றரை நட்சத்திரம் கழித்துக்கொள்கிறேன். 'ஸ்பீட் 2' படத்துக்கு மூன்று கொடுத்ததற்கு மட்டும் என்னிடம் எந்த விளக்கமும் இல்லை.

வெளியான வார மதிப்பீட்டுக்கும் நிதானமாகத் திரும்பிப் பார்த்த மதிப்பீட்டுக்கும் அவரிடம் உள்ள இடைவெளிதான் நமக்கு மிகவும் பயன்படுவது. 'காட்ஃபாதர் 2' 1974இல் மூன்று. 'ப்ளேட் ரன்னர்' 1982இல் மூன்று. 'அன்ஃபர்கிவன்' 1992இல் வந்தபோது குறைகள் சொன்னார். மூன்றுமே பிற்பாடு 'மகத்தான படங்கள்' வரிசையில் இடம்பெற்றன. செர்ஜியோ லியோனியின் 'த குட், த பேட் அண்ட் த அக்லி' படத்துக்கு முதலில் மூன்று கொடுத்தவர், பல ஆண்டுகள் கழித்து அந்த விமர்சனத்தை எடுத்துப் படித்துவிட்டு, நான் வருணித்திருப்பது நான்கு நட்சத்திரப் படத்தை, கொடுத்ததோ மூன்று; இத்தாலிய கௌபாய் படம் கலையாக இருக்க முடியாது என்று நினைத்துவிட்டேன் போலும் என்று எழுதினார். சதவீதத் தளத்தில் இப்படி ஒரு வரி வராது. அங்கே எண் மாறும். ஏன் மாறியது என்று வருந்திச் சொல்ல ஆள் இல்லை.

அந்த 'மகத்தான படங்கள்' வரிசையில் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. நட்சத்திரங்களில் தடுமாறுகிறவர்கள் நேரே இங்கே போய்விடலாம். வெளியீட்டு அவசரம் இல்லாமல், சிலவற்றைப் பலமுறை பார்த்தபின் எழுதியவை.

எப்போது யார்

புதிய தமிழ்ப் படத்துக்கு இந்த வாரம் போவதா என்றால் விகடன் மதிப்பெண்ணும், ரசனை தெரிந்த நண்பர் ஒருவரின் தொலைபேசி அழைப்பும் போதும். ஈபர்ட் இங்கே உதவ மாட்டார். குழந்தைகளோடு புதிய ஹாலிவுட் படம் என்றால் சினிமாஸ்கோர். 2013க்குப் பிந்தைய பிறமொழிப் படம் என்றால் மெட்டாக்ரிட்டிக்கில் சராசரியைப் பார்க்காமல், உச்ச மதிப்பெண் கொடுத்த ஒருவர், மிகக் குறைவாகக் கொடுத்த ஒருவர் என்று இரண்டு விமர்சனங்களைப் படியுங்கள். கதை முடிவைச் சொல்லிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. முதல் மூன்று பத்திகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 2013க்கு முந்தைய படம் எதுவானாலும் ஈபர்ட்.

அவரை ஏற்பதா வேண்டாமா என்று சோதிக்க ஆங்கிலப் படம்கூடத் தேவையில்லை. சந்தோஷ் சிவன் இயக்கிய 'த டெரரிஸ்ட்' தமிழில் எடுக்கப்பட்ட படம். மனித வெடிகுண்டாகப் போகத் தயாராகும் மல்லி என்ற பெண்ணாக ஆயிஷா தார்கர் நடித்தார். கெய்ரோ திரைப்பட விழாவில் பார்த்து வியந்த நடிகர் ஜான் மால்கோவிச் தன் பெயரைக் கொடுத்து அமெரிக்காவில் வெளியிட உதவினார். நம் ஊரில் பெரும்பாலோர் பார்க்காத அந்தப் படத்தை ஈபர்ட் தன் 'மகத்தான படங்கள்' வரிசையில் வைத்திருக்கிறார். படத்தை முதலில் பாருங்கள். பெரும்பகுதி அந்தப் பெண்ணின் முகமும் காட்டுத் தண்ணீரும்தான். பிறகு அவர் எழுதியதைப் படியுங்கள். தமிழ் தெரியாத அவருக்கு உங்களுக்குத் தெரிந்தது தெரிந்திருந்தால், மிச்சம் முந்நூறு படங்களுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். தெரியவில்லை என்று பட்டால் பாலின் கேல் இருக்கிறார்.